ஐந்து படிகள்

தஞ்சாவூர்க்காரனிடம் 'படி' என்று சொன்னால் முதலில் அவன் நினைவுக்கு வருவது அளக்கிற படிதான். ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால், கலம் என்று நெல்லை அளந்து அளந்தே வளர்ந்த ஊர்கள் எங்களுடையவை. கிலோக் கணக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் பரணில் ஒரு பழைய படி கிடக்காத வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

நான் சொல்லப்போவது வேறு படியைப் பற்றி. கருங்கல் படிகள், மொத்தம் ஐந்து. ஒரு பழைய நாடகக் கொட்டகையின் வாசலில் இருப்பவை. கொட்டகையின் பெயரைச் சொல்வதாக இல்லை. காவேரிப் பாசனத்தில், தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால், அந்தக் கொட்டகைக்காரர் ஒருவர்தான் குற்றவாளி என்று தீர்மானித்து நீங்கள் நிம்மதியாக அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவீர்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

போன வருஷம் அங்கே 'வள்ளி திருமணம்' போட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம். பழைய மெட்டுகளோடு, ஹார்மோனியத்தோடு, ராத்திரி பத்து மணிக்கு மேலும் நீளுகிற பழைய முறையிலேயே நடத்தப்போவதாக விளம்பரம். என் பால்ய நண்பனுக்கு நாடகம் என்றால் உயிர். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவனுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. கட்டையை ஊன்றிக்கொண்டே பள்ளிக்கூடம் வந்தான். பிறகு வேலைக்கும் போனான். ஆறு வருஷமாகக் கட்டையும் கைகொடுக்கவில்லை, சக்கர நாற்காலிதான். "வாடா, போகலாம்" என்று அழைத்தேன். வந்தான்.

வாசலில் ஐந்து படிகள்.

கொட்டகையின் காரியதரிசி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். "அதனாலென்ன ஸார், பையன்களைக் கூப்பிடுகிறேன், தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்றார். நாலு பையன்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து நாற்காலியை மேலே ஏற்றினார்கள். நடுவில் ஒருவன் கை தளர்ந்து நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. என் நண்பன் ஒரு கையால் சக்கரத்தையும் மற்றொரு கையால் நழுவின வேஷ்டியையும் பிடித்துக்கொண்டான். டிக்கெட் வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "ஐயோ பாவம், வீட்டிலே இருக்கக் கூடாதோ" என்று நிஜமான இரக்கத்தோடு சொன்னாள்.

உள்ளே போனால் நாற்காலியை நிறுத்த இடமில்லை. நடைபாதையில் நிறுத்தினால் போகிறவர் வருகிறவரெல்லாம் காலை இடித்துக்கொண்டார்கள். கடைசியில் முன்வரிசையின் ஓரத்தில், தேக்குத் தூணுக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து மேடையில் பாதி தெரியும். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடினாள். அவன் கண்ணுக்குப் பட்டது பரணின் ஒரு காலும், அவள் புடவைத் தலைப்பும்தான். இடைவேளையில் காபி வாங்கி நீட்டினேன். வேண்டாம் என்றான். "மத்தியானத்திலிருந்து தண்ணி குடிக்கலைடா. இங்கே நான் போற மாதிரி கக்கூஸ் இருக்காதுன்னு தெரியும்" என்றான். அவனோடு முப்பது வருஷத்துக்கு மேல் பழகியிருக்கிறேன். வெளியே கிளம்பும் நாளில் அவன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாடகம் முடிந்து, மறுபடி நாலு பேர் தூக்கி இறக்கி, ஆட்டோவுக்காகக் காத்து நின்றோம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நாடகம் நல்லாத்தாண்டா இருந்துச்சு. ஆனா பாதிப் பேர் என்னைத்தான் பார்த்தாங்க. எனக்கும் சம்பளம் கொடுத்திருக்கணும்."

மறுநாள் நான் காரியதரிசிக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாசலில் ஒரு சாய்தளம் போடக் கூடாதா என்று கேட்டிருந்தேன். பதில் மரியாதையாக வந்தது. அதில் மூன்று ஆட்சேபணைகள் இருந்தன. ஒன்று, இது புராதனக் கட்டிடம். அதன் அழகைக் கெடுக்கக் கூடாது. இரண்டு, அப்படிப்பட்டவர்கள் வருஷத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? மூன்று, வருகிற ஒருவர் இருவரையும் நாங்கள் கௌரவமாகத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கத்தான் செய்கிறோம்.

இந்த மூன்றையும் அவர் ஒருவரின் வாதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் எந்தப் பழைய மண்டபத்தின் வாசலில் நின்று கேட்டாலும் இதே மூன்று பதில்தான் வரும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் புராதனம். இந்தக் கொட்டகை கட்டப்பட்டபோது அங்கே மின்சாரம் கிடையாது. பிறகு விளக்கு வந்தது, விசிறி வந்தது, அந்தத் தேக்குத் தூண்களில் ஆணி அடித்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை மாட்டினார்கள். பெஞ்சுகளை எறிந்துவிட்டு மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டார்கள். ஜெனரேட்டர் வைப்பதற்காகப் பின்சுவரையே உடைத்தார்கள். அப்போதெல்லாம் புராதனம் வாயைத் திறக்கவில்லை. சக்கர நாற்காலி வாசலுக்கு வந்ததும் அதற்கு ரோஷம் வந்துவிடுகிறது.

தஞ்சாவூர் அரண்மனையையே பாருங்கள். நாயக்கர்கள் கட்டினார்கள்; மராட்டியர்கள் தங்கள் சௌகரியத்துக்கு இடித்தும் சேர்த்தும் மாற்றினார்கள்; 1951-இல் அதற்குள் கலைக்கூடம் வந்து, கோயில்களிலிருந்து சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் குடியேறின. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டதால்தான் அந்தக் கட்டிடம் இன்று வரை உபயோகத்தில் இருக்கிறது.

எங்கள் பெரிய கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. விமானத்தின் உச்சியில் இருக்கும் 80 டன் கல்லை மேலே ஏற்றுவதற்காகச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மைல் கணக்கில் சாரம் அமைத்து, அந்தச் சரிவில் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பார்கள். உச்சியில் இருப்பது ஒரே கல் அல்ல என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். கல்லை இருநூறு அடிக்கு மேல் ஏற்றுவதற்குச் சாய்தளம் கட்டிய பரம்பரை என்று மார் தட்டிக்கொள்கிறவர்களுக்கு, ஒரு மனிதனை இரண்டரை அடி ஏற்றுவதற்குச் சாய்தளம் கட்டினால் மட்டும் அழகு கெட்டுப்போகுமா?

பெரிய கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது 1987-இல். அதே வருஷம் அந்தப் பட்டியலில் ஏறியது கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ். குன்றின் மேல் இருக்கும் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துப் பளிங்குக் கோயில்கள் அவை. நடக்க முடியாதவர்களும் குன்றேற வேண்டும் என்று 2020 டிசம்பரில் அங்கே புதிதாக ஒரு மின்தூக்கி அமைத்தார்கள். பார்த்தினான் கோயிலின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. நம்முடைய நூறு வருஷத்துக் கொட்டகை பார்த்தினானைவிடப் பழமையானதா?

நமக்கும் இது தெரியாத வித்தை அல்ல. 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தார். ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடியவர்கள் குரல் எழுப்ப, குதுப் மினார் முதலிய இடங்களில் அவருடைய சக்கர நாற்காலிக்காக மரத்தால் சாய்தளம் போட்டார்கள். உலகப் புகழ் பெற்ற ஒருவர் வருகிறார் என்றவுடன் தச்சரும் கிடைத்தார், பலகையும் கிடைத்தது, அனுமதியும் கிடைத்தது. என் நண்பன் பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பற்றிப் புஸ்தகம் எதுவும் எழுதவில்லை. டிக்கெட் மட்டும் வாங்கியிருந்தான்.

இரண்டாவது ஆட்சேபணை: எத்தனை பேர் வருகிறார்கள்? 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் உடற்குறை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களெல்லாம் எங்கே என்று கேட்டால், வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். வாசலில் ஐந்து படி இருக்கிறது என்று தெரிந்தவன் எதற்காக வரப்போகிறான்?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. மேட்டூர் அணையைத் திறந்து, கல்லணையைத் திறந்து, தலைமடையில் தண்ணீர் புரண்டு ஓடினாலும், கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் முறைப்பாசனம் நடந்ததாக நாம் ஒப்புக்கொள்வதில்லை. கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும்போது, "அங்கே யாரும் நாற்று விடவில்லையே, தண்ணீர் எதற்கு?" என்று ஓர் அதிகாரி கேட்டால் சும்மா விடுவோமா? மடையை அடைத்தவனே விளைச்சலுக்குக் கணக்குக் கேட்கிற நியாயத்தை வயலில் சகிக்காத நாம், கொட்டகை வாசலில் மட்டும் எப்படிச் சகித்துக்கொள்கிறோம்?

மேலும், சக்கர நாற்காலிக்காரர் மட்டுமா இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்? அன்றைக்கு நாடகம் பார்க்க வந்தவர்களை நான் கவனித்தேன். பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பழைய நாடகத்துக்குப் பழைய ரஸிகர்கள்தானே வருவார்கள்? முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி ஏறினார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். இன்றைக்குத் தாவி ஏறுகிற நானும் இன்னும் இருபது வருஷத்தில் அந்த வரிசையில்தான் நிற்கப்போகிறேன்.

மூன்றாவது: கௌரவமாகத் தூக்கிக்கொண்டு போகிறோமே! தஞ்சை அரண்மனையில் சங்கீத மகால் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. ஒலி துல்லியமாகக் கேட்கும்படி கட்டிய விந்தையான கூடம், அதுவும் மாடியில். ராஜாக்களுக்கு மாடி ஒரு பொருட்டல்ல. போக வேண்டிய இடத்துக்குப் பல்லக்கில் சுமந்து போக ஆட்கள் இருந்தார்கள். பல்லக்கில் போகிறவன் 'தூக்கு' என்று உத்தரவு போடுகிறான். 'இறக்கு' என்றால் இறக்குகிறார்கள். என் நண்பன் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நாலு பையன்களுக்கும் நேரம் இருக்க வேண்டும், மனசு இருக்க வேண்டும், கையில் வலு இருக்க வேண்டும். இவ்வளவும் கூடிவந்தால் அவன் நாடகம் பார்க்கலாம். நடுவில் தலைவலி வந்தால்கூட எழுந்து போக முடியாது. இதற்குக் கௌரவம் என்று பெயர் வைப்பது தமிழுக்கும் நல்லதல்ல.

இன்னொரு பயமும் இருக்கிறது. அதைச் சொல்ல மனம் கூசுகிறது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்று தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். ஓடக்கூடிய கால்கள் உள்ள குழந்தைகள். குறுகலான மாடிப்படி அவர்களைக் காப்பாற்றவில்லை. கொட்டகையில் தீப்பிடித்தால் அந்த நாலு பையன்களும் திரும்பி வந்து நாற்காலியின் நாலு மூலையையும் பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எங்கள் நாட்டுப்புறத்துக் கலைகள் பிறந்தபோது இந்தப் படிகள் இருக்கவில்லை. பெரிய கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக 120 கலம் நெல் நிவந்தம் விட்டதைக் கல்வெட்டு சொல்லுகிறது. இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அது. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளம் இன்றைக்கும் கோயில் வீதியில்தான் நடக்கிறது. கூத்துப் பார்க்கிறவர்கள் தரையில் உட்காருவார்கள். தவழ்ந்து வருகிறவனும் அங்கே வந்து சேர்ந்துவிடலாம்.

பழங்காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தரை சமமாக இருந்த அந்த இடங்களில் வேறு தாழ்ப்பாள்கள் இருந்தன. இன்ன ஜாதி உள்ளே வரக் கூடாது என்றார்கள். 1939-இல்தான் பெரிய கோயிலின் வாசல் அவர்களுக்கும் திறந்தது. திருவையாற்றில் தியாகராஜர் சந்நிதியில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அந்தச் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டு மண்டபம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களுக்கென்று தனிக் கோஷ்டி சேர்த்துப் பாட வைத்துத்தான் அந்த வழக்கத்தை உடைத்தார். அந்தக் காலத்திலும் ஆட்சேபணை சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. வழக்கம் கெட்டுவிடும் என்றார்கள். எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்றார்கள். வெளியே நின்றே கேட்கலாமே என்றார்கள். காரியதரிசியின் கடிதத்தைப் படித்தபோது இந்தப் பழைய குரல்கள்தான் என் காதில் விழுந்தன. அவமானத்தின் ஆழம் ஒன்றுக்கொன்று வேறு. ஜாதி செய்த கொடுமையையும் கல் செய்கிற கொடுமையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே கேட்கிற பாட்டு ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அன்றைக்கு ஆடிய நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் தமது கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் விழுந்தவர். 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அவரே வந்திருந்தாலும் அந்த ஐந்து படிகளின் கீழேதான் நின்றிருக்க வேண்டும். கர்நாடக சங்கீத மேடையில் புல்லாங்குழலுக்கு ஓர் ஆசனம் வாங்கித் தந்த கும்பகோணம் சரப சாஸ்திரிக்குக் கண் பார்வை கிடையாது. மேடை இவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது கொஞ்சமல்ல.

சட்டம் இல்லையே என்றும் சொல்ல முடியாது. 2016-ஆம் வருஷத்து உரிமைச் சட்டம், அரசாங்கக் கட்டிடமோ தனியார் கட்டிடமோ, பொதுமக்கள் கலைக்கும் பொழுதுபோக்குக்கும் கூடுகிற இடமெல்லாம் பொதுக் கட்டிடம்தான் என்கிறது. பழைய கட்டிடங்களையும் விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு போய்விட்டது. பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், விதிகள் யோசனை சொல்கிற தோரணையில் இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல் புண்படுத்துகிறது என்று 'மாற்றுத்திறனாளி' என்று நாம் பெயரை மாற்றினோம். நல்லதுதான். பெயரை மாற்றுவதற்குக் கொத்தனார் தேவைப்படவில்லை.

கொத்தனார் ஒருவரை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒவ்வொரு படியும் ஆறு அங்குலம். மொத்தம் 30 அங்குலம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குக் கணக்கு. அப்படியானால் 30 அடி. முன்வாசலில் கையே வைக்க வேண்டாம். கிழக்குப் பக்கத்தில், சாமான் இறக்குகிற கதவை ஒட்டி, நடுவில் திரும்பி ஏறுகிற மாதிரி போட்டால் ஒரு கருங்கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை. மேடை தெரிகிற இடத்தில் நாலு நாற்காலிகளை எடுத்துவிட வேண்டும். கக்கூஸ் ஒன்றுக்குக் கதவை மூன்று அடி அகலமாக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்க வேண்டும். காது கேளாதவர்களுக்காக வசனத்தை ஒரு சின்னத் திரையில் ஓடவிடலாம். சாய்தளமும் கதவும் கம்பியும் என்ன செலவாகும் என்று கேட்டேன். "ஆண்டு விழாப் பந்தல் செலவுக்குள்ளே முடிஞ்சுடும் ஸார்" என்றார் கொத்தனார்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் நாவல் ஒன்றில் இதே கொட்டகை வருகிறது. இந்த ஐந்து படிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருக்கிறேன். எத்தனை பாதங்கள் பட்டுத் தேய்ந்த கல், ஊரே ஏறி இறங்கிய கல் என்றெல்லாம் உருகியிருக்கிறேன். வாசகர்கள் பலர் அந்தப் பகுதியைப் பாராட்டி எழுதினார்கள். என் நண்பன் அந்த நாவலைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்தவன். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவனை நான் கேட்டதும் இல்லை. 'ஊரே' என்று நான் எழுதியபோது அந்த ஊரில் அவன் இல்லை.

இந்தத் தை மாதம் கொட்டகையின் ஆண்டு விழா. எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக அழைப்பு வந்திருக்கிறது. காரியதரிசிக்குப் பதில் எழுதிவிட்டேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. விழாவுக்கும் நிச்சயமாக வருவேன். ஆனால் படி ஏற மாட்டேன். என் நண்பனோடு கீழே, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பொன்னாடையை அங்கே கொண்டுவந்து போர்த்துங்கள். இல்லாவிட்டால் கிழக்குப் பக்கம் ஒரு சாய்தளத்தைப் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

இன்னும் பதில் வரவில்லை. கொத்தனாருடைய டெலிபோன் நம்பரைக் கடிதத்தின் அடியில் குறித்து அனுப்பியிருக்கிறேன்.